முன் சக்கரங்கள் இழுக்காத ஜீப்

மலையில் பயிர் செய்வோர்க்கு நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி ஆடம்பரப் பொருளன்று. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலை 70 கொண்டையூசி வளைவுகளை உடையதாயினும் தாரிட்ட சாலை. அதில் சாதாரண வண்டிகளும் ஏறுகின்றன. அச்சாலையை விட்டு விலகித் தோட்டத்திற்குள் செல்லும் மண் தடத்தில், ஒரு மழை பெய்த பின்னர், மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வருவது வேறு காரியம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்கு ஏறும் கல் தடத்தைக் கண்டவர்கள் ஜீப்பின் தேவையை ஐயுறமாட்டார்கள்.

இவ்வாறு தேவைக்கென்றே வாங்கப்பட்ட வண்டி, தேவைப்படும் அன்று முன் சக்கரங்களை இழுக்க மறுப்பதுண்டு. லீவரைப் போட்டாயிற்று, விளக்கு இருக்கும் வண்டியானால் அதுவும் எரிகிறது, ஆனால் பின் சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைக்கின்றன. முன் சக்கரங்கள் அசையாமல் நிற்கின்றன. பட்டறைக்குக் கொண்டுசென்றால், "கேஸை இறக்கித்தான் பார்க்கவேண்டும்" என்ற விடை கிடைப்பதுண்டு. இறக்கி ஏற்றும் கூலி, பிரித்தபின் மாற்றும் சீலும் பேரிங்கும், அறுவடைக் காலத்தில் வண்டி நிற்கும் நாட்களுக்கு வாடகை வண்டி ஆகிய யாவும் அங்கத்தினர்களின் பணத்திலிருந்தே போகின்றன. நிர்வாகக் குழுவின் முன் மதிப்பீட்டுத் தாள் வைக்கப்படும்போது, கோளாறு எந்த இடத்தில் என்று எவரேனும் சோதித்தாரா என்னும் கேள்வி முதலில் எழவேண்டும். அச்சோதனை அரிதன்று. பெட்டியைத் திறக்காமலே, ஒரு ஜாக்கியும் இரண்டு இரும்புத் தாங்கிகளும் கொண்டு செய்யக்கூடியது. அதனை இங்கே விளக்க முற்படுகின்றோம்.

தறியில் மிதியை அழுத்தியும் விழுது ஏறவில்லையெனில் நெசவாளர் தறியைப் பிரிப்பதில்லை. மிதிக்கும் விழுதுக்கும் இடையிலுள்ள கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். அறுந்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா, முடிச்சு நழுவியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துவிடுகிறார். ஜீப்பிலும் செய்யவேண்டியது ஏறத்தாழ அதுவே.

விசை செல்லும் வழி

என்ஜினின் விசை கியர் பெட்டியைக் கடந்து, அதன் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செல்கிறது. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு பின் ஆக்ஸிலுக்கும், மற்றொரு தண்டு முன் ஆக்ஸிலுக்கும் போகின்றன. இத்தண்டுகளையே ப்ரொபெல்லர் ஷாஃப்ட் என்கிறோம். பின் தண்டு எப்போதும் இணைக்கப்பட்டிருக்கும். முன் தண்டு, லீவரைப் போட்டால் மட்டும் உள்ளே ஒரு பற்சக்கரம் நகர்ந்து பல்லோடு பல் கோத்துக்கொள்வதால் பின் தண்டுடன் இணைகிறது. முன் தண்டின் விசை டிஃபரென்ஷியலில் இரண்டாகப் பிரிந்து, இடப்புற வலப்புற ஆக்ஸில் ஷாஃப்டுகள் வழியாகச் சக்கரத்தின் ஹப்புக்குச் சேர்கிறது. சில வண்டிகளில் ஹப்பிலேயே, ஷாஃப்டையும் சக்கரத்தையும் சேர்க்கவும் விலக்கவும் ஒரு பூட்டு உண்டு.

ஆகவே விசை அறுபடக்கூடிய இடங்கள் மூன்றே: ட்ரான்ஸ்ஃபர் கேஸும் அதன் லீவரும், முன் தண்டு, ஆக்ஸிலும் ஹப்பும். மூன்றாவது இடத்தைச் சோதிப்பதும் சரிசெய்வதும் பெரும்பாலும் மலிவு. முதலாவது இடத்தைத் திறப்பதே செலவு மிக்கது. பட்டறைகள் பலவும் செலவு மிக்க முனையிலிருந்து தொடங்குவது ஏன் என்று நாம் இங்கே ஆராயப் போவதில்லை.

1941-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் படைக்காகப் பெருமளவில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பில் ஹப் பூட்டு இல்லை. இரண்டு சக்கர ஓட்டத்திலும் முன் ஆக்ஸிலும் தண்டும் வீணே சுழன்றுகொண்டிருந்தன. போர் முடிந்தபின் அவ்வண்டிகள் பொதுமக்கள் கைக்கு வந்தபோது இத்தேய்மானத்தைத் தவிர்க்க விரும்பினர். ஆர்தர் வார்ன் என்பார் 1948-இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், கையால் திருப்பிப் பூட்டும் ஹப்புகளைச் செய்து விற்றது. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தார் 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கினர். அந்த மரபில் வந்த பழைய ஜீப்புகளில் கியர் லீவரோடு வேறு இரண்டு சிறு லீவர்கள் இருப்பதைப் பலர் பார்த்திருப்பர். ஒன்று முன் ஆக்ஸிலைச் சேர்ப்பது. மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ நிலையைப் போடுவது. முன் ஆக்ஸில் சேராதவரை லோ விழாதபடி உள்ளே ஒரு தடை வைக்கப்பட்டிருக்கிறது. "லோ லீவர் அசையவில்லை, உடைந்துவிட்டது" என்று ஓட்டுநர் முறையிடும்போது, முதல் லீவர் முழுமையாகப் போகவில்லை என்பதே உண்மையாக இருக்கலாம்.

இங்கே கூறுவன யாவும், தேவையானபோது மட்டும் முன் சக்கரங்களைச் சேர்க்கும் வண்டிகளுக்கே பொருந்தும். எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வகையில் அமைந்த புதிய கார்களுக்கு இச்சோதனைகளைச் செய்தல் ஆகாது.

கோளாறு உண்டா?

சேற்றில் அகப்பட்ட வண்டியை ஒருவர் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்க்கட்டும். ஓட்டுநர் மெதுவாக விசை கொடுக்கும்போது முன் சக்கரங்களில் ஒன்றேனும் சுழலுமானால், நாற்சக்கர இயக்கம் சேர்ந்திருக்கிறது என்றே பொருள். டிஃபரென்ஷியலின் இயல்பு அப்படிப்பட்டது: பிடிப்பில்லாத சக்கரத்திற்கே சுழற்சியை விட்டுக்கொடுத்துவிடும். முன்னே ஒரு சக்கரமும் பின்னே ஒரு சக்கரமும் சுழல, மற்ற இரண்டும் சும்மா நிற்பது சேற்றின் குற்றம், வண்டியின் குற்றமன்று. அங்கே வேண்டுவது மண்வெட்டியும் பலகையும். பின் சக்கரங்களில் சுழற்சி இருக்க, முன் சக்கரங்கள் இரண்டுமே சிறிதும் சுழலவில்லையெனில் மட்டுமே கோளாறைத் தேடவேண்டும்.

அப்போதும் லீவரின் பல் கோக்காமல் நின்றிருக்கலாம். நிற்கும் வண்டியில் உள்ளிருக்கும் பற்கள் ஒன்றன் முகத்தில் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். லீவரை உதைத்தும் அடித்தும் பயனில்லை. உள்ளேயுள்ள ஃபோர்க் வளைவதே மிச்சம். கிளட்சை அழுத்தி வண்டியை ஓரடி உருளவிட்டு, நேர் பாதையில் மெல்லச் செல்லும்போது லீவரைத் தள்ளினால் பல் தானே விழுந்துவிடும். லோ நிலைக்கு வண்டி ஏறத்தாழ நின்றிருக்கவேண்டும்.

மாறாக, போட்ட லீவர் மீண்டும் வர மறுப்பதும் உண்டு. இது காய்ந்த தார்ச் சாலையில் நாற்சக்கர இயக்கத்தோடு ஓட்டியதன் விளைவு. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் செல்கின்றன. முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால் இந்த வேறுபாடு எங்கும் கழியாமல், கயிற்றில் முறுக்கு ஏறுவதுபோலத் தண்டுகளில் ஏறி நிற்கிறது. சேற்றிலோ மணலிலோ சக்கரம் சறுக்கி முறுக்கைத் தணித்துக்கொள்ளும். தார்ச் சாலை அதற்கு இடங்கொடாது. நேராகச் சில கஜம் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு இறங்கி லீவர் விடுபடும். முன்னே தேய்ந்த டயரும் பின்னே புது டயருமாக ஓடும் வண்டியில் நேர் பாதையிலும் இதே முறுக்கு ஏறும். சிக்கனம் கருதி இரண்டு டயர் மட்டும் மாற்றும் வழக்கமுள்ள சங்கங்கள் இதைக் கவனிக்கவேண்டும். நான்கும் ஒரே அளவாக, ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில், கையேட்டில் சொன்ன காற்றழுத்தத்தில் இருப்பது அவசியம்.

இனிச் சோதனை

முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய ஜீப்பின் ஹாண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் தண்டின் மேல் இருக்கிறது. ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பினால், டிஃபரென்ஷியல் வழியாக அச்சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று, வண்டி உருண்டுவிடக்கூடும். ஹாண்ட் பிரேக் அப்போது உதவாது. ஆகவே சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கனத்த கட்டைகளை வைத்த பின்பே முன்புறத்தைத் தூக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுவது கூடாது. தாங்கிகள் மேல் இறக்கி வைக்கவேண்டும். என்ஜின் நின்றிருக்கவேண்டும், சாவி சோதிப்பவர் சட்டைப் பையில் இருக்கவேண்டும். முன்புறத்தைத் தூக்கிவிட்டு என்ஜினை ஓட்டிச் சக்கரம் சுழல்கிறதா என்று பார்க்கும் மெக்கானிக்குகள் சிலர் உண்டு. பின் சக்கரங்கள் தரையில் பிடித்து வண்டியைத் தாங்கியிலிருந்து தள்ளிவிடும். அதை ஒருபோதும் அனுமதிக்கலாகாது.

முன் சக்கரங்கள் இரண்டும் தூக்கிய நிலையில், லீவரை இரண்டு சக்கர நிலையில் வைத்து, அடியில் முன் தண்டைக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்க்கவேண்டும். அது திரும்பும். பிறகு லீவரை நான்கு சக்கர நிலைக்கு மாற்றி மீண்டும் திருப்பவேண்டும். இப்போது சிறிது ஆட்டத்திற்கு மேல் தண்டு அசையக்கூடாது. ஏனெனில் அது தரையில் நிற்கும் பின் சக்கரங்களோடு பூட்டப்பட்டுவிட்டது. பல் முட்டிக்கொண்டிருக்கலாம் என்ற ஐயமிருந்தால், தண்டைச் சிறிது திருப்பிக்கொண்டே ஒருவர் லீவரைத் தள்ளட்டும். அதன் பின்னரும் தண்டு தாராளமாகச் சுழன்றால் குற்றம் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலோ லீவர் இணைப்பிலோ இருக்கிறது. தண்டு பிடித்து நின்றுவிட்டால் பெட்டி குற்றமற்றது. அதை இறக்க எவருக்கும் அனுமதி தரவேண்டியதில்லை. சோதனையில் இந்த ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

தண்டு பிடித்திருக்கும்போதே, ஹப் பூட்டு இருந்தால் இரண்டையும் பூட்டிவிட்டு, இடப்புறச் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுழற்றவேண்டும். வலப்புறச் சக்கரம் பின்னோக்கிச் சுழலுமானால் டிஃபரென்ஷியல், ஆக்ஸில் ஷாஃப்டுகள், ஹப்புகள் யாவும் இணைந்திருக்கின்றன. இடப்புறம் சுழல, வலப்புறம் அசையாமலே நிற்குமானால், இரண்டு பக்கங்களுள் ஏதோ ஒன்றில் இணைப்பு அறுந்திருக்கிறது. ஹப் பூட்டாமலிருக்கலாம், ஷாஃப்ட் முறிந்திருக்கலாம், சக்கரத்தருகில் உள்ள கிராஸ் உடைந்திருக்கலாம். எந்தப் பக்கம் என்பதைக் கையே சொல்லிவிடும். ஒன்றோடும் இணையாமல் தனியே சுழலும் சக்கரம் மிக இலேசாகச் சுற்றும். ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றும் சக்கரத்தில் கனம் தெரியும்.

இங்கே ஒரு நுட்பத்தை அழுத்திச் சொல்லவேண்டும். இரண்டு ஹப்புகளுள் ஒன்று மட்டும் பூட்டவில்லையென்றாலும் முன்புறம் முழுவதும் இழுக்காது. டிஃபரென்ஷியல் தனக்கு வரும் சுழற்சியையெல்லாம் தடையற்ற பக்கத்து ஷாஃப்டுக்கே கொடுத்துவிடும்; பூட்டிய பக்கம் அசையாமல் நிற்கும். "ஒரு பக்கமாவது இழுக்கவேண்டாமா, இரண்டும் போய்விட்டதே, ஆகையால் பெட்டிதான் போயிற்று" என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. ஓட்டுநர் மழையில் இறங்கி ஒரு ஹப்பை முழுதும் திருப்பி, மற்றொன்றை அரைகுறையாகத் திருப்பிவிட்டாலும் இதுவே நிகழும். கையால் பூட்டும் ஹப்பின் உள்ளே உறைந்துபோன பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து, முகப்பு திரும்பினாலும் உள்ளிருக்கும் வளையம் நகராமல் ஒட்டிக்கொள்வது உண்டு. முகப்பைக் கழற்றித் துடைத்து, மெல்லிதாகப் புது கிரீஸ் இட்டால் தீர்ந்துவிடும் காரியம் அது.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். விளக்கின் சுவிட்ச் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் பொருத்தப்பட்டிருக்கும் வண்டியில், பெட்டிக்குள் பல் நகர்ந்ததை மட்டுமே அது அறிவிக்கும். ஹப்பில் நடப்பதை அது அறியாது. விளக்கு எரிவதை வைத்து நம்பவும் கூடாது. எரியாததை வைத்துக் கலங்கவும் கூடாது. சுவிட்சின் கம்பி அறுந்தாலும் எரியாமலிருக்கும்.

பெட்டியில்தான் குற்றம் என்று தெரிந்தால்

அப்போதும் உடனே இறக்கவேண்டியதில்லை. லீவருக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள இணைப்புக் கம்பிகளின் ஊசிகளும் புஷ்களும் தேய்ந்திருந்தால், மேலே லீவர் முழுதும் சென்றதுபோல் தோன்றும். கீழே கம்பி பாதிதான் நகர்ந்திருக்கும். ஒருவர் மேலே லீவரை இயக்க, மற்றொருவர் கீழே பெட்டியில் செருகியிருக்கும் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் இது விளங்கிவிடும். லீவரைச் சுற்றியுள்ள ரப்பர் உறையில் மண் அடைத்துக்கொண்டு அதன் ஓட்டத்தைத் தடுப்பதும் உண்டு. மாதக்கணக்கில் நாற்சக்கர இயக்கத்தைத் தொடாத வண்டியில், அந்தத் தண்டு துருவேறி இறுகிப்போயிருக்கும்.

அடுத்து ஆயிலைப் பார்க்கவேண்டும். அளவு திருகைக் கழற்றிச் சிறிதளவு எடுத்துப் பார்த்தால், பால் கலந்ததுபோல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துவிட்டது. உலோகத் துகள் மினுங்கினால் உள்ளே பல்லோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. இவ்விரண்டும் பெட்டியைத் திறப்பதற்குத் தக்க காரணங்கள். எந்த ஆயில் என்பதைக் கையேடே சொல்லவேண்டும். சில பெட்டிகளுக்குக் கனத்த கியர் ஆயில், சங்கிலியுள்ள சில பெட்டிகளுக்கு மெல்லிய ஆயில். ஒன்றற்கு மற்றொன்றை ஊற்றுவது கேடு.

புதிய வண்டிகள் சிலவற்றில் லீவருக்குப் பதில் ஒரு பொத்தான் இருக்கும். பெட்டியின் பல்லை ஒரு சிறு மின் மோட்டார் நகர்த்துகிறது. பொத்தானை அமுக்கும்போது பெட்டியருகே மோட்டாரின் ஓசை கேட்கிறதா என்று காதால் கவனிக்கவேண்டும். ஓசையே இல்லையானால் ஃபியூஸ், ரிலே, கம்பி முனைகள், சட்டத்தோடு இணையும் எர்த் கம்பி ஆகியவற்றைப் பார்த்த பின்னரே மோட்டாரைக் குறைகூறவேண்டும். நெல் மூட்டைக் கிடங்கின் அருகே நிறுத்தப்படும் வண்டிகளில் எலி கடித்த கம்பியே காரணமாக இருப்பது வியப்பன்று. வேறு சில வண்டிகளில் ஹப்பையோ முன் ஆக்ஸிலையோ காற்று உறிஞ்சும் குழாய்களே பூட்டுகின்றன. இவற்றில் ரப்பர் குழாய் வெடித்தாலோ கழன்றாலோ பூட்டு விழாது. என்ஜின் ஓடும்போது கழற்றிய குழாயின் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சும் இழுப்பு தெரியவேண்டும். தெரியாவிடில் பின்னோக்கிச் சென்று எந்த இடத்தில் இழுப்பு மறைகிறது என்று தேடலாம். மாற்றவேண்டியது ஒரு முழக் குழாயாகவும் இருக்கலாம்.

டிராக்டர் வைத்திருப்போர்க்கு

முன் சக்கரமும் இழுக்கும் டிராக்டரில் வழி இதுவேயாயினும் சில வேறுபாடுகள் உள்ளன. அதன் முன் ஆக்ஸில் நடுவில் ஓர் ஊசியில் ஊசலாடுவது. ஆகவே தூக்கும்போது ஆக்ஸிலுக்கும் சட்டத்திற்கும் இடையே இரு பக்கமும் மர ஆப்பு அடித்தாலன்றி டிராக்டர் சாய்ந்துவிடும். முன் தண்டு ஒரு தகட்டு உறைக்குள் ஓடுகிறது. அவ்வுறையினுள் வைக்கோலும் சேறும் அடைந்து காய்ந்திருப்பதைச் சேற்றுழவு முடிந்தவுடன் கழற்றிச் சுத்தம் செய்வோர் சிலரே. தண்டின் முனைகளில் உள்ள வரிப்பற்கள் கோத்த குழல் தேய்ந்துவிட்டால், லீவர் விழுந்தும் தண்டு சுழலாது. சுழன்றாலும் பாரம் ஏறியவுடன் நழுவும். குழலைக் கையால் ஆட்டிப் பார்த்தால் தேய்மானம் தெரியும்.

டிராக்டரில் முன் சக்கரம் சிறியது. பின் சக்கரம் பெரியது. முன் சக்கரத்தின் ஓட்டம் பின்னதைவிட 1 முதல் 5 விழுக்காடு வரை முந்தும்படி கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அது இழுக்கிறது. கடையில் கிடைத்தது என்று வேறு அளவு டயரை முன்னே மாட்டினால் இக்கணக்குக் கெடும்: முன் சக்கரம் பிந்தினால் இழுப்பதற்குப் பதில் தடுக்கும், மிகவும் முந்தினால் டயரும் பற்களும் விரைவில் தேயும். "சரியாகத்தான் விழுகிறது, ஆனால் இழுவை இல்லை" என்னும் முறையீட்டின் மூலம் சில வேளைகளில் இதுவே. முழங்கால் அளவு சேற்றில் உழைக்கும் முன் ஆக்ஸிலின் சீல்களையும், ஹப்பிலுள்ள ஆயிலையும் ஒவ்வொரு நடவுப் பருவத்தின் முடிவிலும் பார்த்தல் வேண்டும்.

வண்டிப் புத்தகம்

நாற்சக்கர இயக்கத்தை மாதம் ஒருமுறையேனும் மண் பாதையில் சிறிது தூரம் போட்டு ஓட்டி, வண்டிப் புத்தகத்தில் தேதியோடு குறித்துவைக்கும்படி ஓட்டுநருக்குச் சொல்லலாம். பெட்டிக்குள்ளும் ஹப்பிலும் ஆயிலும் கிரீஸும் பரவும். குறையிருந்தால் மழைக்கு முன்பே தெரியும். பட்டறைக்கு அனுப்பும் சீட்டில் "முன் இழுவை இல்லை" என்று மட்டும் எழுதுவது போதாது. லீவர் போட்ட நிலையில் முன் தண்டு கையால் திரும்பியதா இல்லையா, எதிர்ச் சக்கரம் சுழன்றதா இல்லையா என்ற இரண்டையும் எழுதவேண்டும். கழற்றிய உறுப்பைத் திருப்பித் தரவேண்டும் என்றும் அதிலேயே குறிப்பிட்டு, பணம் கொடுக்கும் முன் மேலே கூறிய இரண்டு சோதனைகளையும், வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, செயலாளரோ குழுவில் ஒருவரோ முன்னிருந்து மீண்டும் செய்து பார்த்துக்கொள்ளலாம்.